பெல்ட் அழுத்தும் இடம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் காலை நேரத்தில் வாகனங்கள் நின்றுவிட்டால் சுலபத்தில் நகராது. அன்றைக்கும் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முதல் தடவையாகப் பாலத்தில் ஏறியிருந்தார். முன்னால் பஸ், பின்னால் லொறி, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். அவருக்குக் கால் நடுங்கியது. பிரேக்கில் நான் கால் வைத்திருக்கிறேன், நீங்கள் மூச்சு விட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே, என் கழுத்தை அறுத்த சீட் பெல்ட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டேன். அப்போது பெல்ட்டுக்கு அடியில், என் இடது மார்பின் மேற்பக்கத்தில், விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. காய்ந்த கடலை மாதிரி ஒன்று. அழுத்திப் பார்த்தேன், நகரவில்லை.

நான் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள். கண்டியில் 'லேனர்ஸ்' என்று போர்டு போட்ட இடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பக்கத்து சீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் வீட்டில் விடுவார்கள் என்ற நிலையில் இருப்பவர்கள் என்னைத் தேடி வருவார்கள். டீச்சர்மார், நர்ஸ்மார், கடைக்காரர்களின் மனைவிமார். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக என் வகுப்பு நடக்கும். எல்லாருக்கும் நான் 'மிஸ்'. எனக்கு ஓட்டக் கற்றுத்தந்தவர் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவராக இருந்த அப்பா. என் கணவருக்கு இன்றுவரை சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார்.

அன்று பாலத்தைத் தாண்டிய பிறகும் விரல் அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. பெல்ட் அழுத்தி அழுத்திச் சதை கட்டியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தை நம்ப முடிந்தது ஒரு வாரத்துக்குத்தான். பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், வரச் சொன்ன நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் அம்மா நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். புற்றுநோய்தான், மார்பை எடுத்துவிடுவது நல்லது, அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும், கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும், பயப்பட வேண்டாம், நேரத்தோடு வந்திருக்கிறீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றாங்க?" என்று கேட்டார். இருபது வருஷமாகச் சிங்களத்தில் ஆணியும் பெயின்ட்டும் விற்ற மனிதர். அந்த நிமிஷத்தில் அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை. எனக்கு வந்த நோயை நானே அவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் உடையாமல் இருந்ததை நினைத்து எனக்கே ஆச்சரியம். ஒருவேளை, பயந்துபோன ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவதே என் தொழில் என்பதாலோ என்னவோ.

வீட்டில் இதை முதலில் கையில் எடுத்தவர் என் நாத்தனார். அம்பிட்டியவில் இருக்கிறார். தாய் சின்ன வயதிலேயே தவறிவிட்டதால் என் கணவரை வளர்த்தவரே அவர்தான். அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. செய்தி கேட்டதும் ஓடி வந்தார், என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"இந்தா புள்ள, இது நம்ம நாலு பேரோட நிக்கணும். வீட்டுல பொம்பளப்புள்ள இருக்கு. நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

மகள் அப்போது படிப்பை முடித்து டவுனில் ஒரு கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். அவளுக்காக என்றதும் நானும் ஒத்துக்கொண்டேன். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்று நாத்தனாரே வழியும் சொன்னார். அது எல்லாப் பொம்பளைகளுக்கும் வருவது, யாரும் தோண்டிக் கேட்கமாட்டார்கள் என்றார்.

தோண்டித்தான் கேட்டார்கள். மார்பை எடுத்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்திருந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து பார்த்தார்கள். உண்மையிலேயே கர்ப்பப்பையை எடுத்த ஒரு அம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தனக்கு எந்த இடத்தில் தையல் போட்டார்கள், எப்போது பிரித்தார்கள், இருமும்போது எப்படி வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விளக்கிவிட்டு, உங்களுக்கு எப்படி என்று கேட்டார். எனக்கும் அதே மாதிரித்தான் என்றேன். வலி முழுக்க இடது பக்கத்தில், கக்கத்துக்குள் தீ மாதிரி எரிந்துகொண்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினேன். அவர் போன பிறகு நானும் மகளும் சிரித்தோம். சிரித்தால் தையல் இழுத்தது, அதனால் அழுகையும் வந்தது.

நாத்தனாரைக் குறை சொல்லமாட்டேன். அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறி வந்து எனக்குச் சூப் வைத்துத் தந்தவர், மருந்து ஏற்றிய நாட்களில் நான் வாந்தி எடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவியவர் அவர்தான். ஆனால் அவர் அமைத்த அந்த மூடலுக்குள் இருப்பது நோயைவிடக் கஷ்டமாகிவிட்டது. தலைமயிர் கொட்டியதும் கொழும்பிலிருந்து ஒரு விக் வாங்கி வந்தார்கள். என் மயிரைவிட நல்ல கருப்பு. வெயிலில் அரித்தது, மழையில் நனைந்தால் நாறியது. வாசலில் யாராவது கூப்பிட்டால் கதவைத் திறப்பதற்கு முன்னால் விக், சட்டைக்குள் பஞ்சுப்பொதி, முகத்தில் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் எதையாவது மறந்துவிட்டேனோ என்று கண்ணாடியில் சரிபார்ப்பேன்.

மருந்தும் கரண்டும் முடிந்தபோது என் இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. நம் நாட்டுக் காரில் கியர் மாற்றுவது இடது கை. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தந்த பிள்ளை, சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே நடக்கவிடச் சொன்னாள். குசினிச் சுவரில் நாள்தோறும் நடக்கவிட்டேன். எங்கே நிற்கிறதோ அங்கே மகள் பென்சிலால் கோடு போட்டாள். கோடுகள் ஏணிப்படி மாதிரி மெதுவாக மேலே ஏறின. ஒருநாள் கை அலுமாரியின் மேல்தட்டில் இருந்த சீனி டப்பாவைத் தொட்டது. அன்றைக்கே கணவரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கப்போகிறேன் என்று.

எங்கே என்று கேட்டார். கடுகண்ணாவை ஏற்றம் என்றேன்.

கிட்டத்தில் ஏதாவது ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் என்னால் சும்மா ஓட்ட முடியுமா என்று தெரிவது எனக்குத் தேவைப்படவில்லை. வளைவுக்கு வளைவு கியர் இறக்கி ஏற்ற வேண்டிய ரோட்டில், பின்னால் கொழும்பு பஸ்கள் ஹோர்ன் அடிக்க, என் கை தாங்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. அவர் என்னுடைய வழக்கமான இடமான இடது சீட்டில் உட்கார்ந்தார். காலுக்குக் கீழே இருந்த இரண்டாவது பிரேக்கைப் பார்த்துவிட்டு, இதை நான் மிதிக்கலாமா என்று கேட்டார். தொடவே கூடாது என்றேன்.

பேராதனை தாண்டி, கடுகண்ணாவை டவுன் வழியாகக் கணவாயின் அடிவாரம் வரைக்கும் இறங்கி, அங்கே வண்டியைத் திருப்பினேன். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது இரண்டாவது வளைவிலேயே கக்கத்துக்குள் கம்பி இழுக்கிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கியரை இறக்கினேன். வண்டி ஒரு தடவை திக்கியது, பின்னால் வந்த வேன்காரன் ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை. கணவர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். அடுத்த வளைவில் வலி கொஞ்சம் பழகிப்போனது. அதற்கடுத்ததில் நான் வலியை மறந்து ரோட்டைப் பார்த்தேன். மேலே வந்து ஓரமாக நிறுத்தியபோது என் முதுகு முழுக்க வியர்வை. விக்குக்குள் தலை கொதித்தது. கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். கணவாய்க் காற்று, அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்த மயிருக்குள் புகுந்து போனது.

கணவர் என் தலையை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். வீதியோரக் கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, முதல் கிளாசை எனக்குத் தந்தார். திரும்பி வரும்போது பேராதனை வரைக்கும் வெறுந்தலையோடு ஓட்டினேன். கட்டுகஸ்தோட்டைக்குக் கிட்ட வந்ததும் வண்டியை நிறுத்தி மறுபடியும் விக்கை மாட்டினேன். அப்போது என்னிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பினேன். மயிர் வளர்ந்ததும் விக்கை விட்டுவிட்டு, சூட்டுக்காகக் குட்டையாக வெட்டினேன் என்று சொன்னேன். பஞ்சுப்பொதி மட்டும் தொடர்ந்தது. ஆனால் இடது சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் சரியாக அந்தப் பக்கத்தின் மேல்தான் வரும். பழகுகிறவர் ஏதாவது தவறு செய்தால் நான் சட்டென்று பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அப்போது பொதி நகரும். ஒருநாள் அது நகர்ந்து கழுத்துக்குக் கிட்ட ஏறிவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர் கவனித்தார். பாலத்தில் கால் நடுங்கினாரே, அதே துணிக்கடைக்காரர் மனைவிதான். முதல் தடவை லைசென்ஸ் ட்ரயலில் தவறிவிட்டதால் மறுபடியும் என்னிடம் வந்திருந்தார்.

அவர் சிக்னல் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாக வண்டியை அழகாக நிறுத்தினார். இரண்டு கண்ணாடிகளையும் ஏற்றினார். தன் பக்கத்துக் கதவுப்பக்கமாகத் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு, "சரி பண்ணிக்கோங்க மிஸ்" என்றார்.

நான் சரிபண்ணினேன். அவர் திரும்பினார். கேட்கக்கூடாது என்று நினைத்தவர் மாதிரி இருந்தார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பாலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கட்டி கையில் பட்டது என்பதையும் சேர்த்து. வெளி ஆள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட உம்மாக்கும் இதுதான் மிஸ். ஆருக்கும் காட்டல்ல. எங்களுக்குமே காட்டல்ல. மவுத்தாகக் கொஞ்ச நாளைக்கு முந்தித்தான் நாங்க கண்ட" என்றார்.

அவருடைய உம்மா வெட்கப்பட்டே போய்ச் சேர்ந்தார் என்று சொன்னார். பொம்பளைப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தாராம். அந்தக் கல்யாணப் பந்தலில் அவரால் நிற்க முடியவில்லை, கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். அன்று வீட்டுக்கு வந்தும் அந்தக் கதிரை என் மனதை விட்டுப் போகவில்லை.

சில மாதங்களில் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கம்பளைப் பக்கம், நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை. நாத்தனார்தான் விசாரித்துக் கொண்டுவந்தார். பார்க்க வருகிற அன்று காலையிலேயே வந்து, வீட்டைக் கூட்டி, பலகாரம் செய்து, எனக்கு எந்தச் சாரி என்பதையும் அவரே எடுத்து வைத்தார். முந்தானையை அகலமாக விட்டுக் குத்திக்கொள் என்றார். கேட்டால் கர்ப்பப்பை, கேட்காவிட்டால் அதுவும் வேண்டாம் என்று ஞாபகப்படுத்தினார்.

பையன், பையனின் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா என நாலு பேர் வந்தார்கள். பையனின் அம்மா தன்மையான மனுஷி. மகளின் வேலையைப் பற்றிக் கேட்டார், என் கார் வகுப்புகளைப் பற்றிக் கேட்டு ஆச்சரியப்பட்டார். பிறகு, ரெண்டு குடும்பத்துக்குள்ளும் மறைப்பு இருக்கக்கூடாது பாருங்கள் என்று சொல்லி, தன் கணவருக்குச் சீனி வருத்தம் இருப்பதைத் தானாகவே சொன்னார். உங்கள் பக்கத்தில் யாருக்கும் ஏதாவது நோய் நொடி உண்டா என்று கேட்டார்.

அப்படி ஒன்றும் இல்லை என்று நாத்தனார் முந்திக்கொண்டார்.

எனக்கு எதிரே மகள் தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பொய்யோடு அவள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவை என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போதும் அங்கே ஒரு பொய் சொல்லிவிட்டு வர வேண்டும். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று தெளிவாகிவிட்டது. பதற்றமே இல்லை.

"எனக்கு கேன்சர் வந்துச்சுங்க" என்றேன். "மார்புல. இடது பக்கத்த எடுத்துட்டாங்க. வைத்தியம் எல்லாம் முடிச்சு இப்ப நல்லா இருக்கேன். வேலைக்குப் போறேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

நாத்தனார் குனிந்து தரையைப் பார்த்தார். பையனின் அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தருகே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அருவருத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மகள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவளுக்கென்று போட்டிருந்த கதிரையில் உட்காராமல், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் தன்னை வைத்து ஓட்டிக்கொண்டு போனவள் இவள் என்று, யாரும் கேட்காமலேயே, சித்தப்பாவிடம் விளக்கத் தொடங்கினார். வளைவுகளையும் வேன்காரனையும் விடாமல் சொன்னார். முருகனைக் கூப்பிட்டதை மட்டும் விட்டுவிட்டார்.

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, பஞ்சுப்பொதியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாதாரணமாக ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பெல்ட் அந்தத் தட்டையான பக்கத்தில் நேராக வந்து படிந்தது. எங்கும் உரசவில்லை.

பையன் மகளுக்குப் போன் பண்ணினான். கெட்டவிதமாகப் பேசவில்லை. அவள் ஒரு பரிசோதனை செய்து, தனக்கு வராது என்று டாக்டரிடம் எழுதி வாங்கித் தந்தால் வீட்டில் பேசிப் பார்க்கலாம் என்றான். அவள் யோசிக்கவேயில்லை. "அந்த டெஸ்ட் எனக்குத் தேவைன்னா டாக்டர் சொல்லுவாரு, நானே போய் எடுப்பேன். உங்களுக்குக் காட்டுறதுக்காக எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் வருத்தப்படுவேன் என்று பயந்துகொண்டே வந்து என்னிடம் சொன்னாள். நான் எழுந்து போய் அவளுக்குப் பிடித்த மாதிரி தோசை சுட்டுக்கொடுத்தேன்.

அதோடு அந்தக் குடும்பத்தோடு தொடர்பு முடிந்துவிட்டது என்றுதான் இருந்தோம். ஒருநாள் மத்தியானம் வகுப்புகளுக்கு நடுவில் எனக்கு ஒரு போன் கோல் வந்தது. பையனின் அம்மா. கம்பளையிலிருந்து பஸ்ஸில் வந்து கண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், உங்களைப் பார்க்க முடியுமா, வீட்டில் வேண்டாம் என்றார். 'எல்' போர்டு மாட்டிய காரிலேயே போய் ஏற்றிக்கொண்டேன். வாவிக் கரையோரம் மரநிழலில் வண்டியை நிறுத்தினேன். அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ஒன்னு இருக்குங்க" என்றார். "ரொம்ப நாளா இருக்கு. யாருக்கும் தெரியாது. அன்னைக்கு நீங்க அத்தன பேரு முன்னால சொன்னீங்க பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு."

முந்தானையை ஏன் இழுத்துப் போர்த்தினார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இப்போதே போவோமா, நாளைக் காலையில் போவோமா? நாளைக்கு என்றால் திரும்பவும் வர எனக்குத் தைரியம் இருக்காது என்றார். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், என்னிடம் ஓட்டப் பழகியவர், அன்றே ஒரு டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தார். மிச்ச வகுப்புகளை ரத்துச் செய்தேன். பரிசோதனை அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். அவருக்கு நான் யார்? வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் போன சம்பந்தி. ஆனால் அந்த வாங்கில் எங்களைவிட நெருங்கிய சொந்தம் அன்று அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அதுவும் புற்றுநோய்தான். ஆனால் சின்னது. அவருக்கு மார்பை முழுதாக எடுக்க வேண்டி வரவில்லை, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் மட்டும் எடுத்தார்கள், பிறகு கரண்ட் வைத்தார்கள். வீட்டில் தானே சொல்ல வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். என்னைக் கூடவே வைத்துக்கொண்டு சொன்னார். புருஷன் அழுதார். பையன் எழுந்து வெளியே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து தாயின் காலடியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளிலும் லீவு போட்டுக்கொண்டு தாயைக் கூட்டிவந்தவன் அவன்தான். என்னைக் கண்டால் எழுந்து நின்று இடம் தருவான்.

தாய் குணமாகி வந்ததும் சம்பந்தத்தை மறுபடியும் பேச ஆசைப்பட்டார். மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று கூச்சத்தோடு கேட்டார். மகள் சிரித்துவிட்டாள். அவர் நல்ல மகன், அதில் சந்தேகமில்லை, ஆனால் எனக்கு வேண்டாம்மா என்றாள். அவளுக்குப் பிடித்த ஒருவர் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. அவர் வீட்டுக்கு முதல் தடவை நாங்கள் போனபோது, உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் கதையைச் சொல்லிவிட்டேன். தெரியும் என்றார்கள். மகள் எப்போதோ சொல்லிவிட்டாளாம், எங்கம்மா கேன்சரிலிருந்து மீண்டு வந்தவங்க, மலை ரோட்டில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவங்க என்று. அப்படி ஒரு அறிமுகத்தோடு நான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

கிளினிக் நாட்களில் தமிழ் பேசுகிற பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். தோட்டங்களிலிருந்து விடியக்காலை பஸ் ஏறி வந்து, பயந்துபோய், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு கொஞ்சம் பேச முடியுமா என்று டாக்டர் அம்மா என்னைக் கேட்டார். நான் மேடையில் பேசிப் பழகாதவள். ஆனால் பக்கத்து சீட்டில் இருக்கிற ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரிப் பேசினால் போதும் என்றார். சரி என்றேன்.

முதல் நாள் கிளினிக் ஹோலில் போய் நின்றேன். பருத்திச் சாரி, சாதாரணமாகக் குத்திய முந்தானை. ஒரு பக்கம் தட்டை என்பது யார் பார்த்தாலும் தெரியும். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நின்றேன். என் பெயரைச் சொன்னேன், என் வேலையைச் சொன்னேன், எனக்கு என்ன வந்தது என்பதைச் சொன்னேன். அந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இருக்கவில்லை. தலைமயிர் திரும்ப முளைக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். முளைக்கும், எனக்குச் சுருளாக முளைத்தது என்று காட்டினேன். கை தூக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். இடது கையை நேராகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பின்வரிசையில் சில பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். தூக்க முடியாதவர்களுக்குச் சுவரில் விரலை நடக்கவிடக் காட்டிக்கொடுத்தேன். அந்த ஹோல் சுவர் முழுக்க விரல்கள் நடந்தன, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, யார் முந்தி மேலே போகிறார்கள் என்று போட்டி வேறு.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் என் நாத்தனாரைக் கண்டேன். கடைசி வரிசையில், கையில் ஒரு இலக்கத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சொல்லாமல், மகளோடு மட்டும் போனில் பேசி, தன்னையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்பிட்டியவிலிருந்து வந்திருக்கிறார். அன்று அவரைப் பரிசோதித்தார்கள், ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அது பிறகு நடந்தது. நான் அவரை நோக்கிப் போனபோது அவர் முகம் என் பக்கம் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் கையைத் தட்டி, என்னைக் காட்டி, அடுத்த வரிசைக்கும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்தா நிக்கிறாளே, அது என் தம்பி பொண்டாட்டிதான். ஒரு மார்ப எடுத்துட்டாங்க. இப்ப அவ ஓட்டுற ஓட்டத்த நீங்க கண்டி ரோட்டுல பாக்கணும்."